வெறும் பெட்டியோடு மலையேறிய நாள்

கனகா, ஏ கனகா. நேற்று சாயங்காலம் நம் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். சேர்ந்து ஒரு பழைய மொபெட் வாங்கியிருக்கிறார்கள். நைட்டியும் பாவாடையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய் விற்கப் போகிறார்களாம். "அக்கா, மலைக்குன்னா வண்டிய எப்டி ரெடி பண்ணணும்? ஒடம்ப எப்டி ரெடி பண்ணணும்? ஒனக்குத்தான் தெரியுமாமே" என்று கேட்டார்கள். உன்னைக் கேட்க வேண்டிய கேள்வி. நீ இல்லாததால் என்னைக் கேட்கிறார்கள்.

ஏதோ சொன்னேன். காற்று, பிரேக்கு, கயிறு என்று சொன்னேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகுதான் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றது. நான் எட்டாவதோடு நின்றவள். எழுத்து எனக்கு ஓடாது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். பேசினால் அழுகை வந்துவிடுகிறது, எழுதினால் கொஞ்சம் தாங்குகிறது.

கனகா என் வீட்டுக்காரரின் தங்கச்சி. நான் அவளுக்கு அண்ணி. எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில் இருக்கிறது. எங்களுக்கு நிலம் கிடையாது. ஆலை ஓடும் மாதங்களில் என் வீட்டுக்காரர் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விடுவார். நானும் கனகாவும் நடவு, களை என்று போவோம். ஒருமுறை மரவள்ளிக் கிழங்கு பிடுங்க மலைக்குக் கூலிக்குப் போனவள், திரும்பி வந்து சோறுகூடத் தின்னாமல் சொன்னாள்: "அண்ணி, அங்க பச்சை மீனுக்கு ஏங்கிக் கெடக்கறாங்க. கருவாடுதான் போவுதாம். நாம போலாமா?"

"மீனு நடந்தா போவும்? ஐஸு உருகிடும்."

"அதான் வண்டியில போறது."

"வண்டி ஓட்டத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது. ஒனக்கும் தெரியாது. யாரு மொதல்ல வுழறதுன்னு பாக்கலாம்."

தண்ணீர் வற்றிய ஏரியில் ஓட்டிப் பழகினோம். அவள்தான் முதலில் விழுந்தாள், அவள்தான் முதலில் கற்றுக்கொண்டாள். அடுத்த மழைக்குள் எங்களிடம் இரண்டு பழைய மொபெட் இருந்தது. அதன் பிறகு நாலைந்து வருஷம், வாரத்தில் இரண்டு நாள், ஒரு ஊருக்கு வாரம் ஒருமுறை என்று, வெள்ளிமலைக்கும் அதைத் தாண்டியும் மீன் கொண்டுபோனோம். இப்போது நான் போவதில்லை. இருபத்தெட்டு வயதில் எனக்கு வேலையிலிருந்து ஓய்வு. மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் "ரிட்டேடு அம்மா வருது, வழி வுடுங்க" என்பார்கள்.

மீன் எடுத்தது பெரியக்காவின் கடையில். அவள் நிஜப்பெயர் யாரும் சொல்ல மாட்டார்கள். கடலூர்ப் பக்கமிருந்து விடிகாலையில் லாரி வரும். எத்தனையோ பேர் சுற்றி நின்று கத்துவார்கள், பெரியக்கா மட்டும் கத்த மாட்டாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும் அதே கண்ணால்தான் எங்களையும் பார்ப்பாள். எங்களை என்றால் எங்கள் முகத்தை இல்லை. "மொதல்ல வண்டிய காட்டு, அப்பறம் மூஞ்சிய காட்டு" என்பாள். மலைக்குப் போகிற வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவாள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் பின் டயரை அழுத்திப் பார்ப்பாள். செருப்புக் காலுக்குக் காற்று தெரியாது என்று சொல்வாள். பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னுக்குத் தள்ளுவாள். சக்கரம் கொஞ்சம் நகர்ந்தாலும் பெட்டியில் ஐஸ் விழாது.

ஒரு நாள் என் வண்டியின் பிரேக் கட்டை தேய்ந்திருந்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று நான் நினைத்திருந்தேன். பெரியக்கா தள்ளிப் பார்த்தாள். என் பெட்டியை எடுத்துத் தன் கடைக்குள் வைத்து அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்தாள்.

"அக்கா, மீனு குடுக்கா, நேரமாவுது."

"யாருக்கு நேரமாவுது? ஒனக்கா, எமனுக்கா?"

கனகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, எங்க அண்ணிய எமன் கூட்டிக்கினு போனா ரெண்டே நாள்ல திருப்பி வுட்டுடுவான். அவ்ளோ பேசும்" என்றாள். கட்டை மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் பெரியக்கா பெட்டியை விட்டு எழுந்தாள்.

வண்டியைத் தயார் செய்வது பற்றிச் சொல்கிறேன். மீன் வண்டி என்பது ஆள் ஓட்டும் வண்டி இல்லை, பாரம் ஓட்டும் வண்டி. கடையில் வாங்கியபடியே மலைக்கு எடுத்துப் போனால் பாரம் ஏறியதும் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு முன் சக்கரம் லேசாகிவிடும். ஆகவே பின்னால் கெட்டியான ஸ்பிரிங்காகப் போட்டுக்கொண்டோம். கேரியரை இரும்புக் கம்பி வைத்து வெல்டிங் செய்தோம். பின் டயருக்குக் காற்று கல் மாதிரி இருக்க வேண்டும். பெட்டியைக் கயிற்றால் கட்டக் கூடாது. பழைய சைக்கிள் ட்யூபை நாடா நாடாவாகக் கிழித்து அதனால் கட்ட வேண்டும், குலுக்கலில் கயிறு தளரும், ட்யூப் இறுகும். ஐஸ் உருகும் தண்ணீர் வெளியே போக ஒரு குழாய் இருக்கும். அதன் வாய் டயரைத் தாண்டிப் பின்னால் தொங்க வேண்டும். டயர்மேல் சொட்டினால் வளைவில் வண்டி உன்னை விட்டுத் தனியாகப் போகும். குழாயை அடைத்தும் வைக்கக் கூடாது. பெட்டிக்குள் தண்ணீர் நின்று அலை அடித்தால் அதுவும் ஆளைத் தள்ளும்.

கனகா கடைசியாக ஒன்று செய்வாள். இருக்கையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுப்பாள். வண்டி ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். இரண்டாவது முறை துள்ளினால் "இன்னும் ரெண்டு கிலோ மத்தி போடுக்கா, குதிக்குது" என்பாள்.

உடம்பைத் தயார் செய்வது அதைவிடப் பெரிய வேலை. எங்களைப் போன்ற பெண்களுக்கு அந்தச் சாலையில் ஒதுங்க இடம் கிடையாது. முதல் நாள் ராத்திரி நன்றாகத் தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டும், காலையில் கேழ்வரகுக் கூழ் ஒரு சொம்பு, அதோடு சரி. சோறு தின்றால் வளைவில் வயிறு புரளும். இடுப்பில் பழைய புடவைத் துணியை இறுக்கிச் சுற்றிக் கட்டுவோம், மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. மாதத்தில் அந்த நாட்களில் துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு போவோம், மீனுக்கு அதெல்லாம் தெரியாது என்பாள் கனகா.

கைதான் முக்கியம். இறங்கும்போது மலை முழுக்கப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். முதல் மாதம் எனக்கு வீட்டுக்கு வந்து சோறு பிசைய விரல் மடங்காது. கனகா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஐஸ் கட்டி வரும் கோணிச்சாக்கைத் தண்ணீரில் முக்கி முறுக்கிப் பிழிவாள். சொட்டு நிற்கும் வரைக்கும் பிழிந்தால் பிடி பலக்கும் என்பாள். என் மாமியார், அதாவது அவளைப் பெற்றவள், வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்க வர்றவன் கையப் புடிச்சா ஒடஞ்சுடும்டி" என்றாள்.

"ஒடையாத கையா பாத்து கட்டி வைம்மா."

அப்படி ஒரு கை கடைசிவரை வரவில்லை. வந்தவர்கள் மீன் நாற்றத்தைப் பற்றிக் கேட்டார்கள். இவள் வண்டியைப் பற்றிக் கேட்டாள். "கல்யாணத்துக்கு அப்பறம் வண்டி எனக்கா, அவருக்கா?" அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிடும்.

சாலையில் அவள் முன்னால் போவாள், நான் பின்னால். அணைக்கட்டைத் தாண்டி மலை ஏறும் இடத்தில் ஒரு மரத்தடியில் கல் ஒன்று நட்டிருக்கிறது. எந்தச் சாமி என்று யாருக்கும் தெரியாது. ஏறுகிறவர்கள் பச்சைத் தழை ஒரு கொத்து ஒடித்து அதன்மேல் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். கனகா வண்டியை அணைக்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு தழையைப் போடுவாள். நான் ஒடிக்கப் போனால், "ரெண்டு பேருக்கும் சேத்துதான் போட்டேன், வா" என்பாள்.

அதற்குப் பிறகு எனக்குச் சாலை தெரியாது. அவள் முதுகுதான் தெரியும். அவள் டயர் போன இடத்தில் என் டயர் போகும். குழி இருந்தால் அவள் இடது முழங்கை வெளியே நீளும். கண்ணுக்குத் தெரியாத வளைவு வந்தால் இரண்டு தட்டு சின்னதாக, ஒன்று நீளமாக ஹாரன் அடிப்பாள். எதிரே வரும் பஸ்ஸுக்கும் அது, எனக்கும் அது. மேலே ஊர்களில் இருக்கும் பெண்களுக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது. கடைசி வளைவில் ஹாரன் கேட்டதுமே பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு நாள் மழை விட்ட நேரம். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே கடுக்காய் மூட்டை ஏற்றிய வண்டி வந்தது. ஒதுங்கினேன். மண் இளகி என் மொபெட் பள்ளத்துப் பக்கம் சாய ஆரம்பித்தது. கனகா திரும்பிப் பார்த்துக் கத்தினாள்.

"வுடு அண்ணி! கைய வுடு!"

நான் விடவில்லை. பெட்டி நிறைய மீன். விட மனசு வரவில்லை. வண்டி என்னையும் இழுத்துக்கொண்டு படுத்தது. சைலன்சர் கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கனகா ஓடி வந்து வண்டியைத் தூக்கவில்லை, முதலில் என் காலைத் தூக்கினாள். ஐஸை எடுத்துத் தேய்த்தாள். பிறகு திட்டினாள்.

"சாயற வரைக்கும் புடி. சாஞ்சிட்டா வுட்டுடணும். ஆயிரம் தபா சொல்லிக்கினு இருக்கறேன். எங்கம்மாளயே வூட்ல வுட்டுட்டு வர்ற, இந்த வண்டிய வுட மாட்டியா?"

வலியிலும் சிரித்துவிட்டேன். சாலையில் சங்கரா மீன் சிதறிக் கிடந்தது. மண்ணில் விழுந்ததை ஒன்றுகூட அவள் திரும்பப் பெட்டியில் போடவில்லை. கழுவினால் யாருக்குத் தெரியும் என்றேன். "எனக்குத் தெரியும். அப்பறம் அவங்க மூஞ்சிய பாத்து இன்னா மீனு வேணும்னு கேக்க முடியாது" என்றாள்.

அவளுக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. அடுத்த முறை வர முடியாது என்றால் இந்த முறையே சொல்லிவிட வேண்டும். மேலே அந்த ஊர்களில் அப்போது போன் பிடிக்காது. சொல்லாமல் நின்றுவிட்டால் பாத்திரத்தோடு வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை வண்டி ரிப்பேராகி நாங்கள் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது குப்பாயி அக்கா, அந்த ஊரில் முதலில் வந்து நிற்கிறவள், காட்டு வேலைக்குப் போகாமல் மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வருவீங்கன்னு ஒக்காந்துக்கினு இருந்தோம், அவ்ளோதான்" என்றாள். அன்றிலிருந்து நடவு, நோன்பு, தூரத்துச் சொந்தத்தின் காதுகுத்து என்று எது இருந்தாலும் கனகா முன்வாரமே சொல்லிவிடுவாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நடந்துதான் போனாள். இரத்தத்தில் என்னவோ இறங்குகிறது என்றார்கள். அவர்கள் பார்க்காமல் விட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் கரும்புக் காட்டிலிருந்து அரிவாளோடு அப்படியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான்தான் உள்ளே இருந்தேன். கனகாவின் கை, கோணியைப் பிழிந்த அந்தக் கை, என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடியே இல்லை.

"அண்ணி, இன்னிக்கி இன்னா கெழம?"

சொன்னேன்.

"அய்யோ, நாளைக்கி மலையாச்சே. சொல்லாம வுட்டுட்டமே. காத்துக்கினு இருப்பாங்க."

"நீ எந்திரி. ரெண்டு பேரும் போயி சொல்லிக்கலாம்."

"நீ போயி சொல்லிடு அண்ணி. பாத்திரத்தோட ஒக்கார வுடாத."

அதுதான் அவள் என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு. அடக்கம் முடிந்து நாலைந்து நாள் நான் படுத்த பாயை விட்டு எழவில்லை. பிறகு மலைநாள் வந்தது. காலையில் கண் விழித்ததும் அந்த நினைப்புதான். இப்போது குப்பாயி அக்கா பாத்திரத்தைக் கழுவுவாள். போன முறையும் உட்கார்ந்திருப்பாள். பஸ்ஸில் போகிறவர்களிடம் சொல்லி அனுப்பலாம் என்றார் என் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். நீ போய்ச் சொல்லிவிடு என்று கனகா என்னைத்தான் கேட்டாள்.

அவர் கூட வருகிறேன் என்றார். அவருக்கு அந்தச் சாலையில் ஓட்டத் தெரியாது. என் பின்னால் உட்காரவும் இடம் கிடையாது, பெட்டிதான் இருக்கிறது. பெட்டியைக் கழற்றலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெல்டிங் செய்த கேரியர், கட்டிய ட்யூப், வண்டி என்றால் பெட்டியோடுதான். அப்படியே எழுந்தேன். கூழ் குடித்தேன். இடுப்பில் துணியைச் சுற்றினேன். சட்டையைப் போட்டேன். பிரேக்கைப் பார்த்தேன். குழாயைப் பார்த்தேன், சொட்ட ஒன்றும் இல்லாத குழாயை. பின் டயருக்கு எப்போதும் போலக் கல் மாதிரி காற்று அடித்தேன். என் கை அதுவாகவே செய்தது. பாரம் இல்லாத வண்டிக்குப் பாரத்தின் காற்றை அடிக்கிறேன் என்று நினைக்கவில்லை.

அணைக்கட்டு வரைக்கும் தெரியவில்லை. சமதளம். மரத்தடிக் கல்லில் தழை போட்டேன். ஒரு கொத்துதான். இது யாருக்கு என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். ஏற ஆரம்பித்ததும் முன்னால் சாலை மட்டும் இருந்தது. அவ்வளவு அகலமான சாலை என்று எனக்கு அதுவரை தெரியாது. அவள் முதுகு மறைத்திருந்த இடமெல்லாம் வெறுமையாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் போவது? குழி எங்கே? ஒவ்வொன்றையும் நானே பார்க்க வேண்டியிருந்தது.

முதல் வளைவில் பின் சக்கரம் ஒரு சின்னக் கல்லில் ஏறியது. மீன் இருந்தால் அந்தக் கல் இருந்ததே தெரிந்திருக்காது. வெறும் வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. சக்கரம் தரையில் இல்லை. இறங்கியபோது வேறு பக்கம் பார்த்து இறங்கியது. பள்ளத்து ஓரத்துக் கட்டைச் சுவரில் உரசி நின்றேன். "கைய வுடு அண்ணி" என்று காதில் கேட்டது போலிருந்தது. கேட்கவில்லை. யாரும் இல்லை. குரங்குகள் மட்டும் சுவர்மேல் உட்கார்ந்து பார்த்தன.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எழுந்து இருக்கையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கி விட்டேன். வண்டி எழுந்தது, மறுபடி எழுந்தது, மறுபடியும் எழுந்தது. அடங்கவே இல்லை.

காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். டயர் இளகியது, ஸ்பிரிங் இளகவில்லை. அது பாரத்துக்குப் போட்ட ஸ்பிரிங். அதற்குப் பாரம் வேண்டும். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். இறங்குவது ஏறுவதைவிட மோசம். அதோடு குப்பாயி அக்கா இப்போது மரத்தடிக்கு வந்திருப்பாள்.

ஓரிடத்தில் கட்டைச் சுவர் இடிந்து கல் சரிந்து கிடந்தது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே பழைய கோணி அப்படியே இருந்தது, மீன் வாசனையோடு. கல்லைப் பொறுக்கி வந்து மீன் அடுக்குவது போலவே அடுக்கினேன். கனமானது அடியில், முன்பக்கமாக. இடையில் கோணி, உருளாமலிருக்க. மேலே சின்னது. ட்யூபை இழுத்துக் கட்டினேன். அமுக்கிப் பார்த்தேன். ஒருமுறை எழுந்து அடங்கியது.

அதற்குப் பிறகு வண்டி சொன்னபடி கேட்டது.

ஒரே ஒரு சங்கடம். ஹாரன் அடிக்காமல் ஊருக்குள் போய்விட வேண்டும், மெதுவாக யாராவது ஒருத்தியைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கடைசி வளைவு கண்ணுக்குத் தெரியாத வளைவு. எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. அங்கே ஹாரன் அடிக்காமல் போகவே முடியாது. அடித்தேன். இரண்டு சின்னது, ஒன்று நீளம். வேறு மாதிரி அடிக்க என் கட்டைவிரலுக்குத் தெரியவில்லை.

புளியமரத்தடிக்குப் போனபோது எல்லாரும் பாத்திரத்தோடு நின்றார்கள்.

"வந்துட்டாங்க, வந்துட்டாங்க. போன தபா எங்க போய்ட்டீங்க ரெண்டு பேரும்?"

"கனகா எங்க? பின்னால வருதா?"

குப்பாயி அக்கா வளைவைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னிக்கி அண்ணிக்காரி முந்திக்கினியா? அது வுட்டுச்சா ஒன்ன?"

நான் வண்டியிலிருந்து இறங்கவில்லை. ஒரு பெண் எப்போதும் போலப் பின்னால் போய் ட்யூபைத் தளர்த்திப் பெட்டி மூடியைத் தூக்கினாள். "இன்னா மீனு இன்னிக்கி..." என்றவள் நிறுத்தினாள். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"கல்லு! இன்னா அண்ணி, கல்லு விக்க வந்தியா? எங்க ஊர்ல இல்லாத கல்லா?"

எல்லாரும் சிரித்தார்கள். குப்பாயி அக்காதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி வளைவைப் பார்த்தாள்.

"கனகா எங்க புள்ள?"

"செத்துப்போச்சுக்கா. காய்ச்சல்ல. ஒங்கள பாத்திரத்தோட ஒக்கார வுடாதன்னு சொல்லிச்சு. அதான் சொல்ல வந்தேன்."

யாரும் சத்தம் போட்டு அழவில்லை. பாத்திரங்களை மெதுவாகக் கீழே வைத்தார்கள். குப்பாயி அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"கடைசியா ஏதாவது சாப்டுச்சா?"

"கஞ்சி. ரெண்டு வாய்."

அந்த ஒரு கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாண வயசு, வண்டியை என்ன செய்யப் போகிறாய், இதைத்தான் கேட்டார்கள்.

கல் எதற்கு என்று கேட்டார்கள். வெறும் வண்டி நிற்கவில்லை, துள்ளுகிறது, பாரம் வேண்டியிருந்தது என்றேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வாருங்கள் என்றேன். அறுவடை நேரம், எல்லாரும் இறங்கி வர முடியாது, ரெண்டு மூணு பேரு வர்றோம் என்றார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கூட்டம் கலைந்துவிட்டது, நானும் கிளம்பலாம் என்று நினைத்தேன். குப்பாயி அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள். "இரு. வாங்க வந்த பாத்திரம் சும்மா போவக்கூடாது."

திரும்பி வந்தார்கள். மீனுக்குக் கொண்டுவந்த அதே பாத்திரங்களில் சாமை, தினை, துவரை. ஒருத்தி மரவள்ளிக் கிழங்கை மண்ணோடு பிடுங்கி வந்தாள். ஒருத்தியிடம் பலாக்காய். பெட்டியிலிருந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்து மரத்தடியில் வைத்தார்கள். கல் இருந்த இடத்தில் கிழங்கு, அதன்மேல் கோணி, கோணிமேல் பலா, துணி மூட்டையாகச் சாமை.

"கனகாவுக்குப் படைக்கறதுக்கு. இதெல்லாம் போட்டு ஆக்கு. நாங்க குடுத்தோம்னு சொல்லு."

குப்பாயி அக்கா பின்னால் வந்தாள். வாராவாரம் கனகா செய்வதைப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. இருக்கையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிச் சட்டென்று விட்டாள். வண்டி இரண்டு முறை எழுந்தது.

"இன்னும் கொஞ்சம் போடுங்கடி. குதிக்குது."

இன்னொரு மூட்டை கிழங்கு வந்தது. மறுபடி அமுக்கினாள். ஒருமுறை எழுந்து அடங்கியது. அப்போதுதான் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

கிளம்பும்போது பெட்டியிலிருந்து எடுத்து வைத்த கல்லைக் காட்டிச் சொன்னாள்: "இது இங்கயே கெடக்கட்டும். நீ வந்து நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டுக்குடுக்க ஆவும்."

இறங்கும்போது வண்டி துள்ளவில்லை. எல்லா வளைவிலும் பாரம் என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்தது போலிருந்தது. ஆனால் முன்னால் யாரும் இல்லை. அதற்கு எந்தப் பெட்டியிலும் எதையும் போட முடியாது.

காரியத்தன்று அந்தச் சாமையைப் பொங்கினோம். பெரியக்கா சங்கரா மீன் கொண்டுவந்தாள். வீட்டுக்குள் வருமுன் வாசலில் நின்ற இரண்டு வண்டிகளையும் சுற்றிப் பார்த்தாள். கனகாவின் வண்டி டயரை வெறுங்காலால் அழுத்தினாள். காற்று இறங்கியிருந்தது. பம்பை எடுத்து அவளே அடித்துவிட்டு உள்ளே வந்தாள்.

அதற்குப் பிறகு நான் மலைக்குப் போகவில்லை. பெரியக்காவின் கடையில் மீன் வெட்டுகிறேன். இப்போது மலைக்கு மைக் கட்டிய லோடு ஆட்டோவில் மீன் போகிறது. காத்திருக்கத் தேவையில்லை, சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கும். எப்போதாவது சந்தைக்கு இறங்கி வருகிறவர்களிடம் குப்பாயி அக்கா சொல்லி அனுப்புவாள்: "கல்லு அப்டியே கெடக்குதுன்னு சொல்லு." நான் சரி என்று சொல்லி அனுப்புவேன். அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

தெருப் பெண்களே, நேற்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். துணி மீனைவிட லேசு. பாரத்தைப் பார்த்துக் காற்று அடியுங்கள், பழக்கத்தைப் பார்த்து அடிக்காதீர்கள். சாய்கிற வரைக்கும் பிடியுங்கள், சாய்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் வரமாட்டீர்கள் என்றால் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கடைசி வளைவைத் தாண்டிப் புளியமரத்தடியில் கல் குவியல் ஒன்று இருக்கும். நல்ல கல்லாகப் பார்த்து எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். எனக்கென்று வைத்தது, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். குப்பாயி அக்கா கேட்டால், அண்ணி அனுப்பிச்சு என்று சொல்லுங்கள்.

மலை ஏறுமுன் அடிவாரத்துச் சாமிக் கல்லுக்குத் தழை போடுவீர்கள். எங்கள் கனகாவுக்கும் சேர்த்து ஒரு கொத்து போடுங்கள். முன்பு அவள் எனக்கும் சேர்த்துப் போட்டாள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு மலை தூரமாக இருக்கலாம். உங்களுக்கு எந்தச் சாமியோ அந்தச் சாமியிடம், விளக்கு வைக்கும்போதோ தொழும்போதோ, கனகா என்று ஒருமுறை பெயர் சொல்லி அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். அவள் போன வழியில் முன்னால் யாரும் போகவில்லை. தனியாகத்தான் போயிருக்கிறாள்.